தேவர் உணவும் பக்கத்து இலையும்

கோலாலம்பூரில் 'தேவாக்கான்' என்றோர் உணவகம் உண்டு. 'தேவா'வும் 'மாக்கான்' என்ற மலாய்ச் சொல்லும் சேர்ந்த பெயர். மிஷெலின் 2024 வழிகாட்டியில் இரண்டு நட்சத்திரம் பெற்றது. அங்கே நாம் கேட்பது வராது. சமையற்காரர் முடிவு செய்தபடி ஒவ்வொரு தட்டாக வரும். ஓர் ஆளுக்கே பல நூறு ரிங்கிட்.

"ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவா? பாவமில்லையா?" என்று தம்பிமார் சிலர் கேட்கிறார்கள்.

விலையில் பாவம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்தத் தட்டுக்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. அதற்குக் கூலி கொடுப்பது தர்மம்தான். ஆனால் திருவள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தில் வேறொன்று சொல்கிறார்: விருந்தினர் வெளியே இருக்க, அமிழ்தமே ஆனாலும் தனியாக உண்ணாதே. அமிழ்தம் தேவர் உணவாச்சே! அப்படியானால் குறை உணவில் இல்லை, வெளியே நிற்பவரை மறப்பதில்தான்.

கோயில் அன்னதானத்திலும் நாம் கேட்டு வாங்குவதில்லை, பரிமாறுவதைச் சாப்பிடுகிறோம். ஆனால் அங்கே பக்கத்து இலையில் யாரும் உட்காரலாம். வித்தியாசம் அதுதான்.

ஆகவே, போங்க, ரசிச்சுச் சாப்பிடுங்க. அதே மாதம் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு கோயில் பந்திக்கு அதே தொகையைக் கொடுங்க. நீங்களே நின்னு பரிமாறுங்க. அதுக்குக் காசு இல்லைன்னா, அந்தத் தட்டும் நம்ம வசதிக்கு மேலேதான்.