வெள்ளத்தைக் கண்டு மழையைச் சொல்வது

மணிமேகலையின் 'சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை'யில், வஞ்சி மாநகரில் அளவைவாதி ஒருவன் கருதல் அளவையின், அதாவது அனுமானத்தின், வகைகளை அடுக்கிச் சொல்கிறான். சூல்கொண்ட மேகத்தைப் பார்த்து இது பொழியும் என்பது 'முதல்'. ஆற்றில் வெள்ளம் புரண்டு வருவதைப் பார்த்து மேலே தலைமழை பெய்திருக்கிறது என்பது 'எச்சம்'. முன்னது காரணத்திலிருந்து காரியத்துக்கு இறங்குகிறது, பின்னது காரியத்திலிருந்து காரணத்துக்கு ஏறுகிறது. நியாய சூத்திரமும் அதன் வாத்ஸ்யாயன உரையும் இதே பிரிவைப் பேசுகின்றன. இன்றைய அறிவியலில் இந்த இரண்டு திசைகளுக்கும் துல்லியமான எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. காற்றும் நீரும் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் பாய்ம சிமுலேஷன், 'முதல்'. தரைமேல் மின்காந்த அலைவுகளை அளந்து புவி மேலோட்டின் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வது, 'எச்சம்'. காணாத ஒன்றை அதன் விளைவைக் கொண்டு அறிவது உண்மையில் அறிவுதானா, அல்லது கணக்கு உடுத்திய நம்பிக்கையா? உலகத்தைக் கண்டு இறைவனைக் கருதலாம் என்போருக்கும் கூடாது என்போருக்கும் நடந்த பழைய வழக்கு இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. அந்த வழக்கில் இரு தரப்பும் கவனிக்க வேண்டிய சாட்சியம் ஒன்று புவியியற்பியலிடம் உண்டு என்பது என் கருத்து.

நம் காலடியில் இருப்பதை நாம் எவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கிறோம் என்பதிலிருந்து தொடங்கலாம். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் தோண்டிய துளை 1989இல் 12,262 மீட்டரை எட்டியது. கண்டங்களின் மேலோடோ சராசரியாக 35 கிலோமீட்டருக்கு மேல் தடிமன் கொண்டது. அந்தத் துளைக்குக் கீழே போவதற்குக் கருதல் அளவையைத் தவிர வேறு வழியில்லை. சோவியத் ஒன்றியத்தில் டிகோனவ் 1950இலும், பிரான்சில் கான்யார் 1953இலும் முன்வைத்த மேக்னட்டோடெல்லூரிக் முறை அதற்கு இயற்கையின் மின்காந்த அலைவுகளையே பயன்படுத்துகிறது. சூரியக் காற்று புவியின் காந்தப்புலத்தை உலுக்குகிறது. உலகெங்கும் வெட்டும் மின்னல்கள் அதைவிட வேகமான அலைவுகளை எழுப்புகின்றன. இந்த அலைவுகள் நிலத்துக்குள் இறங்கி அங்கே மின்னோட்டத்தைத் தூண்டுகின்றன. மண்ணில் புதைத்த மின்முனைகள் மின்புலத்தையும் கம்பிச்சுருள்கள் காந்தப்புலத்தையும் அளக்கின்றன. இரண்டுக்கும் உள்ள விகிதம் பாறையின் மின்தடைத்திறனை, சுருக்கமாக மின்தடையை, சொல்கிறது. அலைவு மெதுவாக ஆக, அது எட்டும் ஆழம் கூடுகிறது. மின்தடையை ஓம்-மீட்டரிலும் அலைவின் கால அளவை நொடியிலும் எடுத்து, பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, சுமார் 500ஆல் பெருக்கினால் ஆழம் மீட்டரில் வரும். மின்தடை 100 ஓம்-மீட்டர் என்றால், ஒரு நொடி அலைவு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் போகும். 100 நொடி அலைவு 50 கிலோமீட்டர் போகும். கோலாவில் இருபது ஆண்டு தோண்டியும் எட்டாத ஆழத்தை வயலில் வைத்த சில கருவிகள் எட்டிவிடுகின்றன.

எட்டுவது வேறு, அறிவது வேறு. பிரெஞ்சுக் கணித அறிஞர் ஷாக் ஹடமார், ஒழுங்கான கணக்கு எது என்பதற்கு மூன்று நிபந்தனைகள் வைத்தார்: விடை இருக்க வேண்டும், ஒரே விடையாக இருக்க வேண்டும், தரவு சற்று அசைந்தால் விடையும் சற்றே அசைய வேண்டும். தரையில் அளந்ததை வைத்து ஆழத்தைக் கணக்கிடும்போது கடைசி இரண்டும் கைவிட்டுப் போகின்றன. அளவுகள் எண்ணிக்கையில் குறைவு, அவற்றில் பிழையும் உண்டு. ஆகவே ஒரே அளவீட்டுக்குப் பொருந்தும் நிலத்தடிகள் எண்ணற்றவை. இதைவிட வியப்பான ஒன்றை 1980இல் ராபர்ட் பார்க்கர் காட்டினார். ஆழத்தோடு மட்டும் மாறும் நிலத்தை எடுத்துக்கொண்டு, அளவீட்டோடு மிகமிக நெருக்கமாகப் பொருந்தும் மாதிரி எது என்று கேட்டால், கிடைப்பது தடிமனே இல்லாத மின்கடத்தித் தகடுகளின் அடுக்கு. தகடுகளுக்கு இடையே மின்சாரம் துளியும் பாயாத வெளி. அப்படி ஒரு பூமி இருக்கும் என்று அதைக் கண்டுபிடித்தவரே நம்பமாட்டார். சான்றுக்கு முழுக்க முழுக்கப் பணிந்து நடந்தால் வந்து சேரும் இடம் அது. அதனால் 1987இல் பார்க்கரும் ஸ்டீவன் கான்ஸ்டபிளும் கேத்தரின் கான்ஸ்டபிளும் வேறொரு விதி வைத்தார்கள். அளவுப்பிழைக்கு உட்பட்டுப் பொருந்தும் மாதிரிகளில் மிகவும் வழுவழுப்பானதை, தேவையில்லாத மேடுபள்ளம் இல்லாததை எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அதற்கு ஒக்காமின் பெயரை இட்டார்கள். பூமி வழுவழுப்பானது என்று எந்தக் கருவியும் அவர்களிடம் சொல்லவில்லை. அது அவர்கள் செய்த தேர்வு. தேர்வு என்றே அவர்கள் அதை எழுதியும் வைத்தார்கள்.

இந்தச் சிக்கல் பழையவர்களுக்குத் தெரியாததல்ல. நியாய சூத்திரத்திலேயே எதிர்ப்பாளர் எழுந்து, வெள்ளம் மழையால்தான் வரவேண்டுமா, கீழே எங்கோ நீரை மறித்திருந்தாலும் ஆறு பெருகாதா, ஆகவே அனுமானம் அளவையே ஆகாது என்கிறார். அதற்கு வரும் மறுமொழி நயமானது. மறித்ததால் பெருகிய ஆறும் மழையால் பெருகிய ஆறும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மழை வெள்ளத்தில் வேகம் இருக்கும், நுரை இருக்கும், சருகும் காயும் கட்டையும் மிதந்து வரும். நீர் ஏறியதை மட்டும் பார்த்து மழை என்றவன் தவறு செய்தால், குறை அவன் பார்வையில், அனுமானத்தில் அல்ல. மேக்னட்டோடெல்லூரிக் ஆய்வாளர்கள் செய்வதும் இதுதான். ஆழத்தில் மின்தடை குறைந்திருக்கிறது என்றால் காரணம் உப்புநீராக இருக்கலாம், கிராஃபைட்டாக இருக்கலாம், சல்ஃபைடு தாதுவாக இருக்கலாம், பாதி உருகிய பாறையாகவும் இருக்கலாம். நில அதிர்வலையின் வேகம், ஈர்ப்பின் ஏற்ற இறக்கம், வெப்பப் பாய்வு என்று வேறு சான்றுகளைச் சேர்த்து ஒவ்வொன்றாகக் கழிக்கிறார்கள். ஆனால் நியாயவாதியின் மறுமொழி முழு நிம்மதி தராது. நுரையும் சருகும் பார்த்த பிறகும் சில காரணங்கள் மிஞ்சும். மிஞ்சியவற்றுள் ஒன்றை எடுப்பது நாம்தான்.

சரி, 'எச்சம்'தான் இப்படி வழுக்கும், 'முதல்' உறுதியானது அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். காரணமும் விதியும் கையில் இருந்தால் காரியம் தானே வந்துவிடாதா? பாய்மங்களின் விதி நமக்குத் தெரியும். நேவியே 1822இலும் ஸ்டோக்ஸ் 1845இலும் எழுதிய சமன்பாடுகள் அவை. எனினும் முப்பரிமாணத்தில் அவற்றுக்கு எப்போதும் சீரான தீர்வு உண்டா என்பது நிறுவப்படவில்லை. கிளே கணித நிறுவனம் 2000இல் அதற்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. நடைமுறையில் வரும் இக்கட்டு வேறு. கொந்தளிக்கும் நீரின் சிறு சுழிகள் கணினியின் கட்டத்தைவிடச் சிறியவை, அவற்றைத் தனித்தனியாகக் கணக்கிட முடியாது. பொறியாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் ஒரு கொந்தளிப்பு மாதிரியில் அந்தச் சுழிகளுக்குப் பதிலாள்களாகச் சில மாறிலிகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றின் மதிப்பு 0.09. நேவியே-ஸ்டோக்ஸ் சமன்பாட்டிலிருந்து அந்த எண் பிறக்கவில்லை, சோதனைகளைப் பார்த்து வைத்துக்கொண்டது. விதி சரியாக இருந்தும் தொடக்க நிலை சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் சாட்சி. குவேக்கர் சமயத்தவரான அவர் முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்துப் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். அந்தக் காலத்தில், 1910 மே 20ஆம் நாளின் வானிலையைக் கையால் கணக்கிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் ஏறும் என்று விடை வந்தது. உண்மையில் அது அன்று ஏறக்குறைய அசையவே இல்லை. தோல்வியை மறைக்காமல் 1922இல் தம் நூலிலேயே அச்சிட்டார். பல பத்தாண்டுகள் கழித்துப் பீட்டர் லிஞ்ச் அந்தக் கணக்கை மீண்டும் போட்டு, முறையில் பழுதில்லை, தொடக்கத் தரவில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததே காரணம் என்றும், தரவைச் சமன்செய்தால் நம்பத்தகுந்த விடை வருகிறது என்றும் காட்டினார். இறங்கும் வழியிலும் ஏறும் வழியிலும் மனிதக் கை உண்டு.

இதைக் கேட்டதும் ஒரு தரப்பு மகிழும். பார்த்தீர்களா, அறிவியலும் நம்பிக்கைதான், எங்கள் நம்பிக்கையை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள் என்று. இந்த மகிழ்ச்சிக்குக் கோலாவில் விடை இருக்கிறது. நில அதிர்வலைகள் அங்கே சுமார் 7 கிலோமீட்டர் ஆழத்தில் ஓர் எல்லையைக் காட்டின. கிரானைட் முடிந்து பசால்ட் தொடங்கும் இடம் அது என்று புவியியலார் கருதினார்கள். துளை அங்கே போனது, பசால்ட் வரவில்லை. உருமாறி, வெடித்து, நீர் ஊறிய பாறைதான் இருந்தது. அலை சொன்ன மாற்றம் மெய், அதற்குத் தந்த பொருள் பொய். ஜெர்மனியின் பவேரியாவில் 1994இல் 9,101 மீட்டரில் நின்ற துளையிலும் இப்படி ஒரு பாடம் கிடைத்தது. மின்தடை குறைந்ததற்கு உப்புநீர் மட்டும் காரணமில்லை, பாறை உராய்ந்து நகர்ந்த பட்டைகளில் கிராஃபைட்டும் படிந்திருந்தது. இரண்டு இடங்களிலும் ஒரு கருத்து, தன்னைத் தோற்கடிக்கக்கூடிய இடத்துக்குத் தானே போய் நின்றது. தோற்ற பிறகு திருத்தப்பட்டது. தேர்வு இருக்கிறது என்பதால் எல்லாத் தேர்வும் ஒரே எடை ஆகிவிடாது. எந்த இடத்தில் நான் தேர்ந்தேன், எது நடந்தால் அதைக் கைவிடுவேன் என்று சொல்லத் தெரிந்த கருத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

இந்த அளவுகோலோடு இறைவனைக் கருதும் அனுமானத்துக்கு வருவோம். சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம், தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்தை வைத்து, அதை ஒடுக்கி மீண்டும் தோற்றுவிக்கும் ஒருவன் உண்டு என்கிறது. வெள்ளம் கண்டு தலைமழை சொல்வதைப் போன்ற 'எச்சம்' இது. இத்தகைய வாதத்துக்குப் பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி ஒரு கேள்வி வைத்திருந்தார். குடம் மண்ணால் ஆனது, குயவன் செய்தது. புற்றும் மண்ணால் ஆனதுதான், அதையும் குயவன் செய்தான் என்பீர்களா? புவியியற்பியலின் மொழியில் சொன்னால், தரவுக்குப் பொருந்தும் மாதிரிகள் பல, அவற்றுள் குயவனை எடுத்தது உங்கள் தேர்வு என்கிறார் அவர். அந்தத் தேர்வில் குற்றமில்லை. வழுவழுப்பான பூமியும் ஒரு தேர்வுதான். ஆனால் எந்த நுரை, எந்தச் சருகு இந்தக் காரணத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் என்ற கேள்விக்கு விடை வேண்டும். இறைவன் பாறை அல்லவே, துளை போட்டுப் பார்க்கும் பொருளா அவன் என்று பக்தர் கேட்பார். நியாயமான மறுப்பு. ஆனால் அதை முழுமையாக ஏற்க வேண்டும். உலகம் எதுவும் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது என்றால், அவனுக்காகவும் சாட்சி சொல்ல முடியாது. பூவின் ஒழுங்கைச் சான்றாக எடுத்துக்கொண்டு, பூகம்பத்தைத் திருவிளையாடல் என்று ஒதுக்கினால், பொருந்தாத அளவீடுகளை அழித்துவிட்டு வரைபடம் போட்டதாக ஆகும்.

மறுபக்கத்தில் நிற்பவரும் தப்ப முடியாது. கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்கிறான் மணிமேகலையில் வரும் பூதவாதி. காப்பியத்தின் நாயகி மணிமேகலை சிரித்து, உன் தாய் தந்தையரைக் கருதல் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். அவனுடைய அளவுகோலின்படி கோலாத் துளையின் அடிக்குக் கீழே பூமி கிடையாது, நாளைய வானிலையும் கிடையாது. இறைநம்பிக்கையை, கண்ணுக்குத் தெரியாததை நம்புகிறது என்ற ஒரே காரணத்துக்காக மறுப்பவர், தம் காலடி மேலோட்டையும் சேர்த்தே மறுக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி, காண முடியாததை நம்புகிறாயா என்பதல்ல. அதில் நீ எடுத்து வைத்தது எவ்வளவு என்பதே.

அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொன்ன ஒருவரின் பெயர்தான் மேலோட்டை ஆராயும் கணினி நிரலில் ஒட்டியிருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் வில்லியம் ஆஃப் ஒக்காம், பிரான்சிஸ்கன் சபைத் துறவி. வேண்டாததைச் சேர்க்காதே என்ற விதியோடு அவர் பெயரை இணைத்துப் பேசும் பலர், அவர் ஆழ்ந்த கிறித்தவர் என்பதை நினைப்பதில்லை. இறைவன் ஒருவனே என்பதைக்கூடப் பகுத்தறிவால் நிறுவ முடியாது, அதை விசுவாசத்தால் ஏற்கிறேன் என்பது அவர் நிலை. நிறுவியது ஒரு பக்கம், ஏற்றது மறுபக்கம் என்று பிரித்து எழுதினார். அதனால் அவர் துறவும் குறையவில்லை, தர்க்கமும் மழுங்கவில்லை. வழுவழுப்பான பூமியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இது எங்கள் தேர்வு என்று குறித்து வைக்கும் ஆய்வாளர், அறிந்தோ அறியாமலோ அந்தத் துறவியின் கணக்கு முறையைத்தான் பின்பற்றுகிறார். சமயவாதியிடமும் மறுப்பாளரிடமும் நாம் எதிர்பார்க்கக்கூடியதும் அந்தக் குறிப்பு ஒன்றுதான்.