சீனர் வீட்டு விருந்தும் நம் பேணுதலும்

 

உப்பூர், தொண்டி, தேவிபட்டினம் எனும் நம் கடற்கரைப் பகுதியிலிருந்து மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்றோர் அநேகர். அங்கே நமக்கு அண்டை வீட்டார் சீனர்கள். நம் முன்னோர் 1826-ல் சிங்கப்பூரில் தோற்றுவித்த சூலியா பள்ளிவாசல் இன்றும் சீனர்களின் கடைவீதிகளுக்கு நடுவேதான் நிற்கிறது.

சீனப் புத்தாண்டுக்கு முந்திய இரவில் அவர்கள் குடும்பமாகக் கூடி உண்பார்கள். அந்த விருந்துக்கு நம்மை அழைத்தால் என்ன செய்வது? நம்மில் சிலர் முகம் சுளித்து உறவை முறித்து விடுகின்றனர். வேறு சிலர் வெட்கத்தால் வாய் திறவாமல் வைத்ததை உண்டு வருகின்றனர். இரண்டும் மார்க்கம் காட்டிய வழியல்ல.

இப்ராஹீம் (அலை) அவர்கள் விருந்தினருக்குக் கன்றைப் பொரித்து வைத்தார்கள். வந்தவர்கள் மலக்குகள், அவர்களின் கை உணவின் பக்கம் நீளவில்லை. அது கண்டு நபியவர்களின் உள்ளம் அஞ்சியது என்று குர்ஆன் கூறுகிறது. விருந்தாளி உண்ணாதிருந்தால் விருந்தளிப்பவர் மனம் கலங்கத்தான் செய்யும். ஆகவே நம் நிலையைப் பரிமாறிய பின்பு அல்ல, அழைத்த அன்றே இன்சொல்லால் சொல்லிவிட வேண்டும்.

எதைச் சொல்வது? பன்றி இறைச்சி ஹராம் என்பது அவர்களுக்கும் தெரியும். அதன் கொழுப்பில் வதக்கிய கீரையும், அரிசி மது ஊற்றி அவித்த மீனும், மார்க்க முறைப்படி அறுக்காத கோழியும், மூதாதையருக்குப் படைத்த பண்டமும் நமக்கு ஆகாது என்பது தெரியாமலிருக்கலாம். பன்றி சமைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். அந்தச் சிரமத்தை அவர்கள்மீது சுமத்தாமல், நாமே ஒரு புதுச் சட்டியை வாங்கிக் கொடுக்கலாம். அதில் இஞ்சியோடு அவித்த மீனும், வெள்ளைச் சோறும், பழமும், தேநீரும் போதுமே! மீனுக்கு அறுப்பும் தேவையில்லை.

குச்சியால் உண்பதில் குற்றமில்லை; அது ஊர் வழக்கம். நடுவில் வைத்த கறியை எல்லாரும் பகிர்ந்துண்பது நம் சஹன் விருந்தைப் போன்றதே. பிஸ்மில்லாஹ் கூறி, வலக்கையால், தமக்கு அருகிலுள்ளதை உண்ணும் ஒழுங்கை அங்கும் பேண வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை; விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். நாமும் உண்ணாததைப் பழிக்கலாகாது.

இலங்கையிலிருந்து வரும்போது கப்பல் உடைந்து நம் மஃபர் கரையில் ஏறிய இப்னு பதூதா, பின்னர் சீனா சென்றார். அங்குள்ள வழக்கங்கள் பல அவர் மனத்துக்கு ஒவ்வவில்லை. ஆயினும் ஹான்சாவ் நகரில் குர்தய் என்னும் பெரும் அதிகாரி அவருக்கு மூன்று நாள் விருந்தளித்தார். முஸ்லிம் சமையல்காரர்களை வரவழைத்து, அவர்களைக் கொண்டே அறுத்துச் சமைக்கச் செய்தார். தம் கையாலேயே இறைச்சியை வெட்டிப் பரிமாறினார். நம் பேணுதலை அறிந்தால், அதை மதிக்கும் மனமுடையோர் எந்நாட்டிலும் உண்டு. அறிவிக்க வேண்டியது நம் கடமை.

பயணம் புறப்படும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இதைக் கற்றுக்கொடுங்கள். ஹலாலைப் பேணும் உறுதியையும், பிறர் மனம் நோகாமல் பேசும் நாவையும் அல்லாஹுத்தஆலா நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.