பழைய சைக்கிளுக்குப் புதுச் செலவு தகுமா?

பழம்பொருளைப் பேணுவது சிக்கனம் என்பார் சிலர். அதற்கு மேன்மேலும் செலவழிப்பது வீண்விரயம் என்பார் வேறு சிலர். வியாபாரம் செய்து வாழும் நாம் இதில் எப்பக்கம் நிற்பது? தகப்பனார் ஓட்டிய எஃகு ரேஸ் சைக்கிள் ஒன்றை வைத்தே இதனைச் சிந்திப்போம். மகன் அதற்குப் புதிய சக்கரமும் கியரும் பூட்ட விரும்புகிறார்.

முதலில் பார்க்கவேண்டியது பிரேமை. அதுவே முதல், மற்றவை வந்து போகும் சரக்கு. பர்மிங்ஹாம் ரெனால்ட்ஸ் கம்பெனியார் 1935இல் வெளியிட்ட '531' எஃகுக் குழாயினால் செய்த பிரேம்கள் இன்றும் ஓடக் காண்கிறோம். எஃகு விரிசல் கண்டாலும் பற்றவைத்துச் சீர்செய்ய இடமுண்டு. ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் குழாயின் உட்புறம் துருவேறும். ஸீட்டுக் கம்பி பிரேமோடு இறுகிப்போகும். ஆகவே ஸீட்டைக் கழற்றிப் பாராமல் ஒரு காசும் செலவிடலாகாது. ஓட்டுபவரின் உயரத்துக்குப் பிரேம் பொருந்தாவிடில் கணக்கை அங்கேயே முடித்துவிடுவது நலம்.

பிரேம் நன்றாயிருப்பின், செலவு எதற்கென்று கேட்கவேண்டும். குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் சரிவரப் பிடிக்காது. அலுமினிய ரிம்மும் புதிய பிரேக் கட்டையும் உயிரைக் காப்பவை. டயர், செயின், கேபிள் ஆகியவையும் அவ்வாறே. இச்செலவில் தர்க்கத்துக்கு இடமில்லை.

கியர் விஷயம் வேறு. ஆறு கியர் வண்டியின் பிரேமில் பின்சக்கரத்துக்குப் பொதுவாக 126 மில்லிமீட்டர் இடமே இருக்கும். எட்டும் அதற்கு மேலும் கியர் கொண்ட சக்கரம் 130 கேட்கும். எஃகாதலால் கைதேர்ந்த மெக்கானிக் அதனை விரித்துத் தந்துவிடுவார். ஆயினும் முடியும் என்பதனாலேயே வேண்டும் என்றாகிவிடாது. கியர் மாறினால் சக்கரம் மாறும், செயின் மாறும், கியர் மாற்றும் லீவரும் மாறும். முடிவில் கூட்டிப் பார்த்தால், அந்தப் பணத்துக்கு ஓடும் நிலையிலுள்ள நல்லதொரு பழைய வண்டியே வாங்கியிருக்கலாம்.

"இவ்வளவு போட்டாயிற்றே, இன்னும் கொஞ்சம் போடுவோம்" என்பார் உண்டு. நேற்றுப் போட்ட வெள்ளி இன்றைய செலவுக்கு நியாயமாகாது. விலைபோகாத சரக்கின்மேல் முதலைக் கொட்டும் கடைக்காரரின் கதியை நாம் அறியாதவர்களல்லவே!

அப்படியாயின் பாசத்துக்கு மதிப்பில்லையா? உண்டு. தகப்பனார் கைபட்ட வண்டிக்காகச் செலவிடுவது குற்றமன்று. அதனை இலாபமென்றும் சிக்கனமென்றும் எழுதிக்கொள்வதே குற்றம். பாசத்துக்குச் செய்த செலவைப் பாசத்தின் பெயரிலேயே பேரேட்டில் பதிவோம். வீட்டுச் செலவுக்குக் குறைவு வராத அளவில் அதனை நிறுத்துவோம். பிறருக்குப் பொய்க்கணக்குக் காட்டுபவன் என்றாவது ஒருநாள் பிடிபடுவான். தனக்கே பொய்க்கணக்குக் காட்டிக்கொள்பவனைப் பிடிப்பார் யாருமிலர்.

பழம்பொருள் கேட்பதைத் தாராளமாகக் கொடுப்போம். நம் பெருமை கேட்பதை அதன் தலையில் எழுதாதிருப்போமாக!