எளிமையும் இன்மையும்

எளிமை சைவ இல்லறத்திற்கு அணியென்பது யாவர்க்கும் உடன்பாடே. ஆயின், அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான பழைய லயக் காம்பிராவிலே குழந்தைகளோடு வாழ்வார்க்கு அதனைப் போதித்தல் தகுமோ? தகாதென்பதே எம் துணிபு. எளிமையாவது, பெறக்கூடியதையும் வேண்டாவென விடுத்தல். இன்மையாவது, வேண்டுவதுங் கிடையாமை. முன்னது அறம், பின்னது துயர்.

எனினும், கொழுந்து கொய்து மீண்ட தாய் பழஞ்சேலையை மடித்துத் தைத்துக் குழவிக்குப் போர்வையாக்குகின்றாள்; லயத்தருகே கீரை பயிரிடுகின்றாள். இக்கைவினை இழிந்ததன்று. நேச நாயனார் நெய்த உடையும், திருநீலகண்டர் வனைந்த ஓடும் அடியார்க்குத் தொண்டாயின அன்றோ?

ஆகலின், ஆசிரியர்காள்! அத்தாயின் கைவினையைப் பள்ளியிலே மதிப்புறக் கற்பிப்போம். அவள் காம்பிராவின் நெருக்கடியை எளிமையென்று புகழாதிருப்போம். கைத்தொழில் போற்றற்குரியது, இன்மையோ ஒழித்தற்குரியது.