யோசனை யாருடையது?

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் ஒரு விளையாட்டு இருந்தது. ஸ்கோர் போர்டு கிடையாது, அம்பயர் கிடையாது. ஆனால், விதிகள் எல்லோருக்கும் அத்துப்படி. 1967-ல் லெனர்ட் ஸ்டெயின் என்ற மனநல மருத்துவர் அதற்குப் பெயரே வைத்துவிட்டார். 'டாக்டர் - நர்ஸ் விளையாட்டு'!

நோயாளியின் பக்கத்திலேயே இருப்பதால், என்ன மருந்து வேண்டும் என்று நர்ஸுக்குத் தெரியும். ஆனால், சொல்லக் கூடாது. டாக்டருக்கு அவர் யோசனை தேவை. ஆனால், கேட்கக் கூடாது. ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வருகிறது (தமிழில் டப் செய்து தருகிறேன்).

''பதினாலாம் பெட் பாட்டி தூங்கவே இல்லை டாக்டர். போன வாரம் அந்த மாத்திரை கொடுத்தப்போ நல்லாத் தூங்கினாங்க...''

''அப்படியா? சரி, அதையே கொடுத்துடுங்க சிஸ்டர்.''

''தேங்க்யூ டாக்டர்!''

யோசனை நர்ஸுடையது, உத்தரவு டாக்டருடையது. பாட்டி தூங்கிவிட்டார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? நம் வீடுகளில் பாதி முடிவுகள் இப்படித்தானே நடக்கின்றன! அறிவிப்பது அப்பா, எடுத்தது அம்மா.

ஜாடை புரியாத ராத்திரியில்தான் நஷ்டம். டாக்டர் அரைத் தூக்கத்தில் இருக்கிறார். சுற்றிவளைத்துச் சொன்னது அவருக்கு உறைக்கவில்லை. நேராகச் சொல்லியே பழகாதவர், அன்றைக்கு மட்டும் எப்படிச் சொல்வார்? மரியாதைக்காக ஆரம்பித்த பொய்க்கு விலை கொடுப்பது கட்டிலில் இருப்பவர். அவரைக் கேட்டா ஆட்டத்தில் சேர்த்தார்கள்?

அதே காலத்தில், 1965-ல், கொலராடோ பல்கலைக்கழகத்தில் ரெண்டு பேர் வேறு மாதிரி யோசித்தார்கள். லொரெட்டா ஃபோர்டு, பொது சுகாதார நர்ஸ். ஹென்றி சில்வர், குழந்தை மருத்துவர். கிராமத்துக் குழந்தைகளைப் பார்க்க டாக்டர்கள் போதவில்லை. நர்ஸுக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து, அவரையே பரிசோதித்து முடிவெடுக்க விட்டால் என்ன? 'நர்ஸ் பிராக்டிஷனர்' பிறந்தது அப்படித்தான். டாக்டர்கள் மட்டுமல்ல, நர்ஸிங் பேராசிரியர்களே எதிர்த்தார்கள். ஃபோர்டு அசரவில்லை. 2025-ல், 104 வயதில் அவர் மறைந்தபோது அமெரிக்காவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நர்ஸ் பிராக்டிஷனர்கள்.

அங்கே பாதிக்கும் மேலான மாநிலங்களில் இவர்கள் டாக்டரின் கையெழுத்து இல்லாமலே வேலை பார்க்கலாம். வேறு பல மாநிலங்களில் ஒரு டாக்டரோடு எழுத்துபூர்வமான ஒப்பந்தம் வேண்டும். அந்தக் கையெழுத்துக்காக மாசாமாசம் கட்டணம் வாங்கும் டாக்டர்களும் உண்டு! பி.காம். படித்தவனுக்கு உடனே 1932-ம் வருட பார்ட்னர்ஷிப் சட்டம் ஞாபகம் வருகிறது. கம்பெனி வேலையாக ஒரு பங்குதாரர் செய்த காரியம் மற்றவரையும் கட்டும். வெளியாளிடம் போய், 'அது அவர் செஞ்சது சார்' என்று கைகழுவ முடியாது. நோயாளியின் முகத்தையே பார்க்காதவர் வாங்கும் மாதக் கட்டணத்தை வாடகை என்று சொல்லலாம். கூட்டு என்று எப்படிச் சொல்வது?

டாக்டர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர்கள் படித்த வருடங்கள் அதிகம். 2000-ல் வெளியான ஒரு நியூயார்க் ஆய்வில், 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் டாக்டர்களிடமும் நர்ஸ் பிராக்டிஷனர்களிடமும் பிரித்து அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், உடல்நிலையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. சரி. ஆனால், அது முதல்நிலை சிகிச்சை. தலைவலி என்று வருபவர்களில் ஒருவருக்கு வேறு ஏதோ பெரிதாக இருந்தால்?

அப்போது நர்ஸ், ''இது எனக்குப் பிடிபடலை டாக்டர்'' என்று சொல்லியாக வேண்டும். தயங்காமல், உடனே. ''அதுக்குத்தான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் உங்க வேலை இல்லைன்னு'' என்று பதில் வரும் இடத்தில் யார் சொல்வார்கள்? அடுத்த நோயாளிக்கு அந்த போன் வராது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் மட்டும் ஃபைலில் பத்திரமாக இருக்கும்.