நம் அசுத்தம் அடுத்தவர் பிள்ளையின் வயிற்றில்

 

"ஹஜ்ரத், பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான், உடம்பு தேறவில்லை. ஓத உட்கார்ந்தால் சோர்ந்து போகிறான். ஓதி ஊதுங்கள்" என்று கேட்டு வருகிறார்கள். ஓதிப் பார்ப்பது மார்க்கத்தில் உள்ளதுதான். அதோடு வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று மருத்துவரிடமும் காட்டுங்கள்.

குடற்புழு எப்படி வருகிறது? ஒரு பெண் உருண்டைப் புழு ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடும். அவை மலத்தோடு மண்ணில் சேர்ந்து, சில வாரங்களில் பக்குவமடைந்து, கையிலும் கீரையிலும் ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போகின்றன. கொக்கிப் புழுவின் குஞ்சோ வெறுங்காலின் தோலைத் துளைத்தே ஏறிவிடும். பிறகு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். இரத்தசோகை வரும்.

அப்படியானால் சிந்தியுங்கள். அந்தப் பிள்ளையின் வயிற்றில் இருக்கும் புழு, யாரோ ஒருவர் மண்ணில் விட்ட மலத்திலிருந்து வந்தது!

தண்ணீர்த் துறை, மக்கள் நடக்கும் பாதை, நிழல் ஆகிய மூன்று இடங்களில் மலம் கழிப்பது சாபத்தைக் கொண்டுவரும், அதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை முஆத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அந்த ஹதீஸ் புழுவைப் பற்றிப் பேசவில்லை. அடுத்தவருக்குத் தொல்லை தராதே என்கிறது. அந்தத் தொல்லை எவ்வளவு தூரம் போகும் என்பதை இன்று நாம் கண்ணால் பார்க்கிறோம்.

அல்லாஹ்வின் ஹக்கில் குறை வைத்தால் தவ்பா செய்யலாம். அடியாரின் ஹக்கு என்றால் அந்த மனிதரே மன்னிக்க வேண்டும். குழந்தையின் மலத்துணியைச் சாக்கடையில் எறிகிறோம். செப்டிக் டேங்கைத் தெருவோரக் கால்வாயில் திறந்துவிடுகிறோம். எந்த வீட்டுப் பிள்ளைக்கு நோய் வந்தது என்றே தெரியாதபோது, நாளை மறுமையில் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்போம்?

ஆகவே கழிவறை சென்று வந்தாலும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நகம் வெட்டுங்கள். நாற்பது நாள் என்பது கடைசி எல்லை, அதுவரை வளர்க்கச் சொன்னதல்ல. பிள்ளைகளைச் செருப்பில்லாமல் அனுப்பாதீர்கள்.

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 நாட்களையொட்டி அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். வதந்தியை நம்பித் தடுக்காதீர்கள். புழு அதிகமிருந்தால் இலேசான வயிற்றுவலி, குமட்டல் வரலாம், அது தானே சரியாகும். உடல்நலமில்லாத பிள்ளைக்கு மட்டும் குணமான பின் கொடுங்கள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளையும் அங்கன்வாடிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும். தெரு அசுத்தமாகவே இருந்தால் புழு மறுபடியும் வரும். பிள்ளைகள் அமானிதம், நம் பிள்ளை மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளையும்தான்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களையும் இல்லங்களையும் தெருக்களையும் தூய்மையாக்குவாயாக! எங்களால் எவருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.