கதவு திறக்காத நேரம்

2010 நவம்பர் 4. சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் 32, நான்கு என்ஜின் கொண்ட ஏர்பஸ் ஏ380. உள்ளே 469 பேர். கிளம்பிய சில நிமிடங்களில், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே இரண்டாம் எண் என்ஜின் வெடித்தது. அதற்குள் இருந்த சின்ன எண்ணெய்க் குழாய் ஒன்றின் சுவர், தயாரிப்புக் கோளாறால் ஒரு பக்கம் மெலிந்திருந்தது. அது விரிசல் விட்டு, எண்ணெய் கசிந்து தீப்பிடிக்க, டர்பைன் தட்டு உடைந்து துண்டுகள் இறக்கையைக் கிழித்துக்கொண்டு போயின.

காக்பிட்டில் அன்று ஐந்து விமானிகள் இருந்தார்கள். வந்து குவிந்த எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கவே ஐம்பது நிமிடம் போல ஆனது. கடைசியில் சாங்கி விமான நிலையத்திலேயே திரும்ப இறக்கிவிட்டார்கள்.

சினிமாவாக இருந்தால் இங்கே கைதட்டி முடித்திருப்பார்கள். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம்.

விமானம் நின்றுவிட்டது. கிழிந்த இடது இறக்கையிலிருந்து எரிபொருள் ஒழுகுகிறது. பக்கத்திலேயே பிரேக்குகள் 900 டிகிரி வெப்பத்தில் இருக்கின்றன. முதலாம் எண் என்ஜினை அணைத்தால் அணைய மாட்டேன் என்கிறது. பிறகு தீயணைப்பு வீரர்கள் நுரையைப் பீய்ச்சி அதை நிறுத்த மூன்று மணி நேரம் பிடித்தது.

இப்போது நீங்கள் கேப்டன். என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் 'எல்லாரும் குதிங்க' என்றிருப்பேன். ஆனால் அது இரண்டு மாடி விமானம். அவ்வளவு உயரத்திலிருந்து அவசரச் சறுக்கில் இறங்கினால் கைகால் முறியலாம். இறங்கி நிற்கும் இடத்தில் எரிபொருள், பக்கத்தில் ஓடும் என்ஜின். கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினியும் மற்ற விமானிகளும் பேசி, பயணிகளை உள்ளேயே வைத்திருக்க முடிவு செய்தார்கள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்து, வலது பக்கம் ஒரே ஒரு கதவு வழியாக, படிக்கட்டில் இறக்கினார்கள். யாருக்கும் காயமில்லை.

சில வருடம் முன்பு ஓர் இரவு நான் ஆன்-கால். டேட்டாபேஸ் திணறியது. அலர்ட் மழை. 'என்ன பண்றீங்க?' என்று மேனேஜர் கேட்டுக்கொண்டே இருந்தார். 'பார்த்துக்கிட்டு இருக்கேன்' என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ரீஸ்டார்ட் செய்தேன். தானாகவே மீண்டுகொண்டிருந்த ஒன்றை நடுவில் வெட்டிவிட்டேன். பலருடைய ஆர்டர்கள் காணாமல் போயின. யாரும் என்னைத் திட்டவில்லை. 'உடனே ஆக்‌ஷன் எடுத்தான்' என்றார்கள். எதையாவது செய்து கெடுத்தவனை உலகம் மன்னித்துவிடும். காத்திருந்து கெடுத்தவனை மன்னிக்காது.

சரி, சாங்கியில் ஒரு பொறி விழுந்திருந்தால்? அதே கேப்டன், அதே காரணங்கள். 'கதவைத் திறக்காமல் கொன்னுட்டான்' என்று நானே திட்டியிருப்பேன். அப்படியென்றால் எல்லாரும் பிழைத்தது மட்டும் அந்த முடிவு சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

பிறகு எதை வைத்து எடைபோடுவது? காத்திருப்பதும் உறைந்துபோவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. அந்த ஒரு மணி நேரமும் கேபின் ஊழியர்கள் கதவருகே தயாராக நின்றார்கள். தீ என்றால் அந்த நொடியே சறுக்குகளை விரிக்கலாம். பிரேக் ஆறுகிறதா, நுரை பரவுகிறதா என்று கவனித்துக்கொண்டே இருந்தார்கள். ஏன் காத்திருக்கிறோம் என்பதற்கு அவர்களிடம் பதில் இருந்தது. எப்போது காத்திருக்கக் கூடாது என்பதற்கும் இருந்தது.

என்னிடம் இரண்டுமே இல்லை. அன்றிரவு அந்த ரீஸ்டார்ட் பலித்திருந்தாலும் நான் செய்தது தப்புதான். டேட்டாபேஸுக்காக நான் அதைச் செய்யவில்லை. அந்தக் கேள்வி நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்தேன்.